அவரவர் பெயரில்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் எங்கள் சிஸ்டம் மேடம் முதலில் கேட்கிற கேள்வி, "இன்ஷியல் முன்னாடியா, பின்னாடியா?" என்பதுதான். டாக்டருக்கும் அதே கேள்வி. துப்புரவு வேலைக்கு வந்தவருக்கும் அதே கேள்வி.

கம்ப்யூட்டரில் ஓர் ஆளைப் பதிவதற்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்குமாம். நம் பக்கம் கடைசிப் பெயருக்கு யார் எங்கே போவது? அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று இருக்கும். அதைச் சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால். ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். அவர் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு தாளில் எழுதி நம்மிடமே காட்டுவார். நாம் தலையாட்டிய பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

அவரை சிஸ்டம் மேடம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். விழுப்புரத்தில் இருப்பது பெரிய ஆஸ்பத்திரி. திண்டிவனத்தில் எங்களுடையது அதன் கிளை. நான் இங்கே ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பொறுப்பாக இருந்தேன். அவர் விழுப்புரத்தில் இருந்துகொண்டு இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வார், வியாழக்கிழமை மட்டும் இங்கே வருவார். வளவனூரில் வீடு. என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் நிலைமை வேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரின் ஓரத்திலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும். வேலையை விட்டுப் போய் ஒரு வருடமான ஆள் வந்து உட்கார்ந்தாலும் திறக்கும். ஒரு ரிசல்ட்டை யார் பதிந்தார்கள் என்று தேடினால் 'லேப்' என்று காட்டும். லேபில் நாங்கள் ஐந்து பேர்.

அவர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்தார். டைரக்டரி என்பார். விழுப்புரத்தில் உள்ள சர்வரில் எல்லார் பெயரும் இருக்கும். எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நம் பெயரை அடித்தாலும், அது அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். லேப் ஆளுக்கு லேப் வேலை மட்டும் தெரியும், பார்மசிக்காரருக்கு மருந்து மட்டும் தெரியும். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைத் திண்டிவனத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு பெயரைச் சேர்த்தாலும் எடுத்தாலும் கால் மணி நேரத்தில் இங்கேயும் வந்து சேர்ந்துவிடும்.

அப்படியிருந்தும் அங்கே உட்கார்ந்தபடி அவர் யாருக்கும் பெயர் கொடுத்ததில்லை. ஆளை நேரில் பார்க்க வேண்டும். ஆபீசிலிருந்து தாள் வந்தால் போதாது, போனில் குரல் கேட்டால் போதாது. வியாழக்கிழமை வருவார், புதியவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பதிவார். அவசரக்காரர்கள் திட்டினார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

துப்புரவுப் பணியை மேற்பார்த்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த வார்டு எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று விதி வந்தபோது அவர், எனக்கெதற்கு அதிலே பெயர், யார் பெயரிலாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவப் பார்த்தார். மேடம் விடவில்லை.

"வேலை பாக்கறது நீங்க. அடுத்தவங்க பேர்ல ஏன் பாக்கணும்?"

அன்றைக்கு அந்த அம்மா ஒற்றை விரலால் தன் பெயரைத் தேடித் தேடி அடித்தார். திரை திறந்ததும் வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பாஸ்வேர்டு அடித்து முடிக்கும்வரை மேடம் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். யார் பாஸ்வேர்டு அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எட்ட இருந்தாலும்கூட.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் நிதானமான ஆள் என்று தோன்றலாம். அப்படி இல்லை. எப்போதும் ஒரு பயத்தோடேயே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் டப்பா மூடிக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைப்பார். அது ஒருமுறை அதிர்ந்தால் சோற்றுக் கை அப்படியே நிற்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் பாதி வழியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கித் திரும்பி வந்து மாடிப்படி அறைக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் யாராவது திரையை மூடாமல் எழுந்து போயிருந்தால், நடக்கிறபோதே இரண்டு பொத்தான்களைத் தட்டி மூடிவிடுவார். அப்படி மூடப்பட்டு நான் ஒருநாள் எரிச்சல்பட்டேன். இதோ இந்த ட்யூபை வைத்துவிட்டு வருவதற்குள் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன்.

"நீங்க எழுந்து போனது அதுக்குத் தெரியாதுக்கா. நீங்களே உக்காந்திருக்கறதா நெனச்சிக்கினு இருக்கும்" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். விழுப்புரத்துக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் எங்கள் வேலை நிற்கவில்லை. அவர் இங்கே வைத்திருந்த நகல் எல்லாரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அவரைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது, வியாழக்கிழமை இல்லாத நாளில், நனைந்துபோய் வந்து நின்றார். ஒன்றும் ஆகவில்லையே, ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவலதான். ஆனா இப்ப அதுவும் இதுவும் தனித்தனியா இருக்குது. நான் சொல்றதுதான் சரின்னு ரெண்டும் நெனச்சிக்கினு இருக்கும். அங்க ஒருத்தரை எடுத்துட்டா இங்க தெரியாது. அதான் பேஜாரா இருக்குது."

சாயங்காலம் தொடர்பு திரும்பும்வரை அந்தப் பெட்டிக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன். மடியில் வைத்திருந்தாரே தவிர துவட்டவில்லை.

அவரை எனக்குப் பிடிக்காமல் போன நாளும் உண்டு. வரவேற்பில் இருந்த ஒரு பெண்ணை நிர்வாகம் வேலையைவிட்டு நிறுத்தியது. அன்று வியாழக்கிழமை. மத்தியானம் நாங்கள் மூவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அந்தப் பெண் மல்லாட்டைத் துவையல், வேர்க்கடலையில் அரைத்தது, கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் வைத்தாள். நாலு மணிக்கு அவள் லேப் வாசலில் வந்து நின்று, சிஸ்டம் திறக்க மாட்டேன் என்கிறது, என்னவென்று பாருங்கள் மேடம் என்றாள். மேடம் தரையைப் பார்த்தார். அந்தப் பெயரை நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குக் காலையிலேயே உத்தரவு வந்திருந்தது. தன்னை நிறுத்திவிட்டார்கள் என்பது அவளுக்கு அந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை நான் அவரோடு பேசவில்லை. அவராகத்தான் வந்தார்.

"சொல்லியிருக்கணுமா, கூடாதான்னு இன்னும் எனக்குத் தெரியலக்கா. அந்தத் தொவையல் இன்னும் எறங்கல."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் என் பெயரை அடித்ததும் திரை திறக்கும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன்.

அனந்தபுரத்துப் பெண் ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் லேபில் சேர்ந்தாள். டிப்ளமா முடித்து முதல் வேலை. அப்பா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலிக்குப் போகிறவர். அவள் பஸ்ஸில் வந்து இறங்குகிற நேரத்துக்கு லேப் வாசலில் இருபது பேர் நிற்பார்கள். காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. அவளுக்குப் பெயர் வேண்டும் என்று மேடத்துக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறேன், ஆளைப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறேன் என்றார். எத்தனை கெஞ்சியும் அதேதான். நான் போனை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, என் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன். அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அவள் வெளியே ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நான் உள்ளே. இரண்டிலும் நான்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மேடம் வரவில்லை. விழுப்புரத்தில் சர்வரின் டிஸ்க் ஒன்று பழுதாகிவிட்டது. அடுத்த வாரம் என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் அது நடந்தது.

பிரசவ வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அனந்தபுரத்துப் பெண் அவர்களில் ஒருத்தியின் ரத்த வகையை மற்றவளின் பெயரில் பதிந்துவிட்டாள். அந்த மற்றவள் திருவக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவள், இரண்டாவது பிரசவம். மத்தியானம் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் கேட்டு ஆம்புலன்சில் சாம்பிளோடு சீட்டும் விழுப்புரத்துக்குப் போனது. சீட்டில் ஏ பாசிட்டிவ். அங்கே ரத்த வங்கியில் எப்போதும்போல் இன்னொரு முறை சோதித்துப் பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ். எது சரி என்று கேட்டு எங்களுக்குப் போன் வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? மறுபடி ரத்தம் எடுத்தேன், மறுபடி சோதித்தேன், என்னை நம்பாமல் இன்னொருவரையும் சோதிக்கச் சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவளுடைய மாமியார் நின்றிருந்தார். நான் கடக்கும்போதெல்லாம், "ரத்தம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை பின்பக்க வழியாகப் போனேன். சரியான ரத்தம் வந்தது. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பெண் குழந்தை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தப்பாகப் பதிந்தது யார் என்று பார்த்திருந்தார்கள். என் பெயர் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் மேல்மாடி வார்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

இல்லை சார் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து அதுதான் வந்தது.

மிச்சத்தை அவரே முடிவு செய்துகொண்டார். புதிதாக வந்த பெண், எட்டிப் பார்த்துத் திருடியிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதவில்லை, அழவும் இல்லை. லேபுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் ஊசிகளை ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கினதையே மறுபடி அடுக்கினேன். நாளைக்கு அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் மேடம் போன் செய்தார்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. குடுத்தீங்களா?"

"இல்ல."

 அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"சரிக்கா. நாளைக்கு வர்றேன்" என்றார்.

 கொடுத்தது தப்பு என்பதைவிட, அவருக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான் என்னை அரித்தது. எதை அடித்தாலும், எங்கே அடித்தாலும் அவரிடம் பதிவு இருக்கும். ஆனாலும் தெரியாமல் இருக்கலாம் என்று மனசு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

புதன்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போதே அந்தப் பெண்ணின் அப்பா வரவேற்பு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தோய்த்த வேட்டி. துண்டைத் தோளில் போடாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார். என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

மேடம் எனக்கு முன்பே லேபில் இருந்தார். கதவைச் சாத்தினார். கையிலிருந்த தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"இது உங்க பேரு. இது உள்ள இருக்கற கம்ப்யூட்டரு, இது வெளிய இருக்கறது. பதினோரு நாளா ரெண்டுலயும் ஒரே நேரத்துல நீங்க இருந்திருக்கறீங்க. ஒரு தடவகூட பாஸ்வேர்டு தப்பா போவல. எட்டிப் பாத்துத் திருடனவங்களுக்கு மொத நாளே அவ்ளோ சரியா வராதுக்கா. திருடிக்கினு உங்க எதிர்லயே பதினோரு நாளு உக்காரவும் மாட்டாங்க."

நான் அந்தத் தாள்களில் என் பெயர் இருந்த வரிகளைப் பார்த்தேன்.

"நான் இதை எழுதிக் குடுத்துடுவேன். குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். அந்தப் பொண்ணோட அப்பா வெளிய உக்காந்திருக்கறாரு."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் உங்களால்தான் என்றேன். போனில் கெஞ்சினேனே, ஒரு பெயரைப் போட்டுக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்றேன். வெளியே காத்திருக்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அடியிலிருந்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கையெழுத்தில் நாலைந்து வரிதான்.

புதிய ஊழியருக்கு உரிய நேரத்தில் பெயர் பதிந்து தராதது தன் தவறு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒரே பெயர் இரண்டு இடத்தில் திறந்திருப்பதை நாலாவது நாளே தான் கவனித்ததாகவும், கவனித்தும் தடுக்கவில்லை என்றும் இருந்தது.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா. மூடிட்டா லேபு நின்னுடும், ஜனங்க நிப்பாங்கன்னு பாத்தேன். அப்புறம்... நீங்கன்னுதான் விட்டேன். வேற யாராவதா இருந்தா அன்னைக்கே மூடியிருப்பேன்." அவர் மேசைமேல் பரப்பிய தாள்களை ஒன்றாகச் சேர்த்தார். "அந்தப் பொம்பளைக்கு எதுனா ஆயிருந்தா? ரெண்டு நாளா அதையேதான் நெனச்சிக்கினு இருக்கறேன்."

இருவரும் சேர்ந்துதான் மேனேஜர் அறைக்குப் போனோம். நான் சொன்னேன். சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காக ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்ணைத் திருடியாக நிற்க வைத்திருந்தேன். மேடம் தன் தாளையும் நீட்டினார். மேனேஜருக்கு அதை வாங்க இஷ்டமில்லை. உங்கள் பெயரை இதில் ஏன் இழுக்கிறீர்கள், யாரும் கேட்கவில்லையே என்றார். நடந்தது அதுதான் சார் என்று மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் லேபுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார். புதன்கிழமையிலேயே பெயர் பதிந்தார். அவள் இன்ஷியல் பின்னால் என்றாள். அப்பா பெயரை எப்படி எழுதுவது என்று மேடம் அவரிடமே கேட்டார். "நான் எழுத மாட்டேம்மா, அது எழுதும்" என்று மகளைக் காட்டினார். அவள் எழுதினாள். அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்று முகத்தில் இல்லை. அது நியாயம்தான்.

என்னிடமிருந்து லேப் பொறுப்பை எடுத்துவிட்டு ஆறு மாதத்துக்கு விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். தினமும் பஸ். வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதெல்லாம் அந்த மாமியாரின் குரல் கேட்கும். மேடத்துக்கு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. தானே தவறு என்று எழுதிக் கொடுத்தவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பை விட்டுவைக்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு வந்ததாம். சென்னையிலிருந்து ஒரு கம்பெனியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். அவர் ஒரு மாதம் உட்கார்ந்து அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். கடைசி நாளில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது கையைப் பிடித்தார்.

நான் திண்டிவனத்துக்குத் திரும்பிவந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் காலை டோக்கன் வாங்கும் வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். முதலில் உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா, என் பேரை அவங்க இன்னும் எடுக்கல" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் விளக்கினார். விலகிய அன்றே எடுக்க வேண்டிய பெயர் நாலு மாதமாகியும் பட்டியலில் இருக்கிறது. சர்வர் அனுப்புகிற எச்சரிக்கைகள் இன்னும் அவர் போனுக்கே வருகின்றன. அதுவும் சாதாரணப் பெயர் இல்லை. எல்லாரையும் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற பெயர், எந்த நோயாளியின் எந்தத் தாளையும் திறக்க முடிகிற பெயர். கம்பெனிக்கு மூன்று முறை எழுதினார், பதில் இல்லை. விழுப்புரத்துக்குப் போன் செய்தார், சொல்கிறோம் என்றார்கள்.

"நான் தொடலக்கா. தொட்டா சிஸ்டத்துக்குள்ள போயிடுவேன். நாளைக்கு இங்க எதுனா ஆச்சுன்னா என் பேருதான் நிக்கும். யாரு கையிலயாவது அது கெடச்சா? சாப்புட முடியல."

மேனேஜரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரித்தார். நம்ம மேடம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், அவசரத்துக்கு உதவும் என்றார்.

"அவசரத்துக்குன்னுதான் சார் அக்காவும் குடுத்தாங்க" என்றார் மேடம்.

எனக்குச் சுருக்கென்றது. மேனேஜரின் சிரிப்பும் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பையனுக்கு எந்தப் பெயர் என்று புரியவைப்பதற்கே நேரமாயிற்று. மேடம் போனை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஆச்சு, எடுத்துட்டேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அவர் நம்பவில்லை. ரத்தம் எடுக்கும் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை. விழுப்புரத்தில் எடுத்தது இங்கே வந்துசேரக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் அடித்தால் திறந்துவிடும், திறந்துவிட்டால் உள்ளே போனதாகப் பதிவாகிவிடும் என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அனந்தபுரத்துப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். இப்போது இந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. என்ன என்று கேட்கவில்லை. நோயாளிகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, மேடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

கால் மணி ஆனதும் நான் சொன்னேன். இன்னும் ஐந்து நிமிஷம் போகட்டும் என்றார். அதன் பிறகும் கை எழவில்லை. நான் அடிக்கட்டுமா என்றேன். கூடாது என்று தலையாட்டினார்.

பெயரை அடித்தார். பாஸ்வேர்டை அடித்தார். திரை ஒரு நொடி சுற்றியது. 

இந்தப் பெயர் முடக்கப்பட்டுள்ளது, உங்கள் நிர்வாகியை அணுகவும் என்று வந்தது.

அவர் அதைப் படித்தார். உதடு அசைய இன்னொரு முறை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வர்றேன்க்கா" என்றார் சற்று நேரம் கழித்து. வாசல்வரை போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வழியில் இறங்கி வருவார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.

உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். என் பெயரை அடித்தேன். அவசரத்தில் விரல் பிசகி, பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி தப்பு. மூன்றாவது முறையும் தப்பானால் பூட்டிக்கொள்ளும். சென்னைக்குத்தான் போன் போட வேண்டும், எடுக்கிற பையனுக்கு நான் யார் என்று தெரியாது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன்.